உதட்டுக் கொப்புளம்: அறிய வேண்டியதும் ஆற்ற வேண்டியதும்

உழைத்துப் பிழைப்போர்க்கு உடலே முதல். தறிக்கு வேண்டிய நூலைச் சங்கம் கடனாக அளிக்கும். நிலத்திற்கு வேண்டிய விதையையும் உரத்தையும் அளிக்கும். உழைக்கும் உடலைக் கடனாக அளிக்கும் சங்கம் உலகில் எங்கும் இல்லை. ஆகையால் உடலைப் பற்றிய அறிவும் கூட்டுறவுக் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.

பெரிய நோய்களுக்கு நாம் அஞ்சுகிறோம்; சிறிய நோய்களை அசட்டை செய்கிறோம். அவ்வாறு அசட்டை செய்யப்படுவனவற்றுள் ஒன்று, உதட்டோரத்தில் கொத்தாகத் தோன்றும் கொப்புளம். வளர்ந்தவர்க்கு அது பத்து நாள் தொல்லை, அவ்வளவே. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு அதே கிருமி உயிர்க்கேடாக முடியக்கூடும். ஒரே நோய் ஒருவருக்கு அற்பமாகவும் மற்றொருவருக்கு ஆபத்தாகவும் இருக்கும் இவ்வேறுபாட்டை ஒவ்வொரு அங்கத்தினர் குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

காரணம் யாது?

தணிக்கையின் பொருட்டு ஊர்தோறும் செல்லுங்கால், இக்கொப்புளத்திற்கு மக்கள் கூறும் காரணங்களைக் கேட்டிருக்கிறேன். இரவில் பல்லி எச்சமிட்டது என்பார் சிலர். சிலந்தியின் நீர் பட்டது என்பார் சிலர். உடற்சூடு என்பார் வேறு சிலர். உள்ளே இருந்த காய்ச்சல் உதட்டின் வழியே வெளியேறுகிறது என்பாரும் உளர்.

இக்கருத்துக்கள் பிறந்ததற்கு ஏது இல்லாமல் இல்லை. படுக்கும்போது இல்லாத கொப்புளம் விடியலில் காணப்படுவதால், இரவில் ஊர்ந்த பூச்சியின்மேல் பழி விழுகிறது. மழைக்காலத்தில் விளக்கொளியை நாடிவரும் ஒருவகைச் சிறு வண்டு தோலின்மேல் நசுங்கினால், அதன் நீர் பட்ட இடம் வெந்து கொப்புளிப்பதும் உண்மையே. ஆனால் வண்டினால் வரும் புண் நசுங்கிய இடத்தில் கோடுபோல் கிடக்கும். ஒருமுறை ஆறினால் தானே திரும்பி வராது. நாம் இங்கே பேசும் கொப்புளமோ, ஆண்டுக்கு இருமுறை மும்முறைகூட, பெரும்பாலும் உதட்டின் அதே இடத்தில் அல்லது அதற்கு அருகில் மீண்டும் மீண்டும் தோன்றும். வெளியிலிருந்து வரும் பூச்சி ஒவ்வொரு முறையும் அதே இடத்தைத் தேடி வருமோ? அதன் காரணம் உடலுக்குள்ளேயே தங்கியிருக்கிறது என்பது இதனாலேயே புலப்படும்.

அக்காரணம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ் ஆகும். இதில் இரு வகைகள் உண்டு. உதட்டில் கொப்புளம் உண்டாக்குவது பெரும்பாலும் முதல் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஐம்பது வயதுக்குட்பட்ட மக்களில் 100க்கு 64 பேர் உடலில் இம்முதல் வகைக் கிருமி உள்ளது. தொகையாகக் கூறின் ஏறத்தாழ 380 கோடிப் பேர். இவர்களுள் மிகப் பலருக்குத் தம்மிடம் கிருமி இருப்பதே தெரியாது. ஒரு பகுதியினருக்கே கொப்புளம் எழுகிறது.

கிருமி குடிபுகும் விதம்

பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே இக்கிருமியைப் பெறுகின்றனர். கிருமி உள்ள பெரியவரின் முத்தத்தாலும், உமிழ்நீர் படிந்த விரலாலும் குழந்தைக்கு அது வந்து சேர்கிறது. முதன்முறை வரும்போது சில குழந்தைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் அடிக்கும். ஈறு சிவந்து வீங்கும். வாய் முழுவதும் புண்ணாகும். குழந்தை உணவையும் நீரையும் மறுத்து அழும். அக்காலத்தில் புண்ணைவிடப் பெரிய கேடு, நீர் அருந்தாமையால் உடல் வறட்சி அடைவதே. ஆறிய கஞ்சி நீர், மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். சிறுநீர் குறைந்தாலும், குழந்தை சோர்ந்து துவண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இப்புண் ஆறியபின் கிருமி அழிந்துவிடுவதில்லை. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பின் வழியே உள்ளேறி, அந்நரம்பின் முடிச்சில் போய்த் தங்கிவிடுகிறது. அங்கே உறங்கும் கிருமியை உடலின் காவற்படை அழிக்க இயலாது. மருந்தும் அழிக்க இயலாது. நம் சங்கக் கணக்கின் மொழியில் கூறுவதாயின், இது அசல் தீராத கடன். கொப்புளம் ஒவ்வொரு முறையும் ஆறுவது வட்டி செலுத்துவதைப் போன்றது; அசல் நரம்பில் அப்படியே நிற்கிறது. 'ஒரே வேளை மருந்தில் வேரோடு அழிப்போம்' என்று சந்தையில் கூவி விற்போரிடம் அங்கத்தினர்கள் பணத்தை இழக்கலாகாது. அத்தகைய மருந்து இன்றுவரை இல்லை.

உறங்கும் கிருமி விழிக்கும் காலம்

காய்ச்சலும் சளியும், கடும் வெயில், உறக்கமின்மை, மிகுந்த களைப்பு, மனக்கவலை, பெண்களுக்கு மாதவிலக்கு, உதட்டில் காயம், பல் பிடுங்குதல் ஆகியவை உறங்கும் கிருமியை எழுப்பும். காய்ச்சலுக்குப்பின் உதட்டில் கொப்புளம் வரும் என்று முன்னோர் கண்டது சரியே. ஆனால் காய்ச்சல் அதன் வழியே வெளியேறுவதில்லை. காய்ச்சலை எதிர்ப்பதில் உடல் முனைந்திருக்கும் சமயம் பார்த்துக் கிருமி நரம்பின் வழியே உதட்டிற்கு இறங்கி வருகிறது.

பயிரிடுவோர் வெயிலைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் உதட்டில் படுவதால் கொப்புளம் எழுவதுண்டு. நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் அடிக்கடி கொப்புளம் காண்போர், முகத்திற்கு நிழல் தரும் அகன்ற ஓலைத் தொப்பியோ, நெற்றியை மறைத்துக் கட்டிய தலைத்துண்டோ அணிவது நன்று. வெயிலைத் தடுக்கும் உதட்டுப் பூச்சும் மருந்துக் கடைகளில் கிடைக்கும். நெய்வோர் பண்டிகைக் கால ஒப்படைப்பிற்காக இரவு பகலாகத் தறியில் அமர்வதைக் குறைத்து, உறக்கத்திற்கு உரிய நேரத்தை ஒதுக்க வேண்டும். நான்கு இரவு விழித்து ஈட்டிய கூலி நோயில் கரைந்துபோவதும் உண்டு.

நான்கு நிலைகள்

முதல் நிலையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உதட்டின் ஓரிடத்தில் மட்டும் குறுகுறுப்பு, அரிப்பு, எரிச்சல் தோன்றும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடுத்த நிலை வரும். இரண்டாம் நிலையில் அவ்விடம் சிவந்து தடித்து, நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும். மூன்றாம் நிலையில் அவை உடைந்து நீர் கசியும். நோவு மிகுதியும் இருப்பதும் கிருமி மிகுதியும் பரவுவதும் இந்நிலையிலேயே. நான்காம் நிலையில் பொருக்குக் கட்டி உலர்ந்து உதிரும். தொடக்கம் முதல் முடிவு வரை ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். சிலருக்கு இரண்டு வாரம் வரை நீடிக்கும். பொதுவாகத் தழும்பு இராது.

இதனோடு மயங்கத்தக்க வேறு புண்களும் உண்டு. வாயின் உட்புறத்தில், கன்னத்திலோ நாவோரத்திலோ வெண்மையாகக் குழி விழும் வாய்ப்புண் வேறு, அது தொற்றாது. கடைவாய் வெடித்துப் புண்ணாவது வேறு. சத்துக் குறைவு முதலியவற்றால் அது வரும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளித்து எரியும் அக்கி, இதே கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு வைரஸால் வருவது. சின்னம்மை தந்த அதே வைரஸே பின்னாளில் அக்கியாக எழுகிறது. குயவர் செங்காவியால் அக்கி எழுதும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. அக்கி சில வாரங்களில் தானே ஆறும் இயல்புடையது. அந்த ஆற்றலின் பெயர் காவிக்குப் போய்விட்டது. முகத்தில், அதிலும் கண்ணருகில் வந்த கொப்புளத்தின்மேல் காவி முதலியன பூசிக் காலம் கடத்துவது பார்வைக்குக் கேடு.

புகையிலை போடுவோர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. உதட்டிலோ வாய்க்குள்ளோ உள்ள எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறாவிடில், அதனைக் கொப்புளம் என்று எண்ணி வாளாவிருக்கலாகாது. அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். நோவு இல்லை என்பது ஆறுதல் அன்று. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்தும் மனைப் பராமரிப்பும்

இக்கிருமியை எதிர்க்கும் மருந்துகளுள் முதன்மையானது அசைக்ளோவிர். அமெரிக்காவில் 1982இல் இதற்கு முதன்முதலாக அனுமதி வழங்கப்பட்டது. இது உருவான ஆராய்ச்சிக்கூடத்தில் இதன் செயல்முறையை விளக்கிய கெர்ட்ரூடு எலியன் என்னும் பெண் விஞ்ஞானி, மருந்தாக்கத் துறையில் ஆற்றிய பணிக்காக 1988இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். இம்மருந்தின் செயலை நெய்வோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கிருமி பெருக வேண்டுமாயின் இழையோடு இழை சேர்ப்பதுபோல் தன் மரபுச் சரட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். மருந்து அச்சரட்டில் ஒரு போலி இழைத்துண்டாக நுழைகிறது. அதன் மறுமுனையில் அடுத்த இழையை முடிய இயலாது. சரடு அங்கேயே நின்றுவிடுகிறது. கிருமியே தன்னிடமுள்ள ஒரு பொருளால் இம்மருந்தைத் தூண்டிவிடுவதால், கிருமி புகுந்த உயிரணுக்களிலேயே இது பெரிதும் வேலை செய்கிறது. மற்றவை பெரும்பாலும் தப்புகின்றன.

சரடு நீளும்போதுதான் இம்மருந்து பயன்படும் என்பதால், காலமே முக்கியம். குறுகுறுப்புத் தோன்றிய முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் களிம்பை நாளொன்றுக்கு ஐந்து முறை, நான்கைந்து நாட்கள் தடவுவது வழக்கம். அவ்வாறு செய்தாலும் நோய்க்காலம் ஏறத்தாழ அரை நாள் முதல் ஒரு நாள் வரையே குறையும். பொருக்குக் கட்டிய பின் தடவுவதால் பயன் மிகச் சிறிது. அடிக்கடி வருவோர்க்கும் கடுமையாக வருவோர்க்கும் உட்கொள்ளும் மாத்திரைகள் உண்டு. அவற்றின் அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

மருந்து வாங்க இயலாதவர் கவலையுற வேண்டியதில்லை. உடல் நலமுள்ளவர்க்கு இது தானே ஆறிவிடும். தூய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து ஒற்றினால் எரிச்சல் தணியும். பொருக்கு வெடிக்காதிருக்க வாசலீன் சிறிது தடவலாம். காரம், புளிப்பு, மிகு சூடு ஆகியவற்றைச் சில நாள் தவிர்க்கலாம். நோவு மிகுந்தால் பாராசிட்டமால் போதும்.

செய்யத்தகாதவை சில. கொப்புளத்தை ஊசியால் குத்தலாகாது, பொருக்கைப் பெயர்க்கலாகாது, சுண்ணாம்பு தடவித் தோலை வேகவைத்தலாகாது. கடைக்காரர் 'எல்லாத் தோல்நோய்க்கும் ஒரே களிம்பு' என்று கொடுப்பதில் ஸ்டீராய்டு கலந்திருத்தல் கூடும். அதனைத் தானாகப் பூசினால் கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றல் அவ்விடத்தில் குன்றும். பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யா. அவற்றை வாங்குவது வீண் செலவு.

பிறருக்குப் பரவாமல் காத்தல்

முதற் குறுகுறுப்பிலிருந்து பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும் வரை பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். முத்தமிடலாகாது, கணவன் மனைவியர் வாய் படும் எல்லா நெருக்கத்தையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இக்கிருமி பிறப்புறுப்பிலும் புண் உண்டாக்க வல்லது. துவாலை, குவளை, பீடி, சவரக்கத்தி ஆகியவற்றைப் பகிரலாகாது. புண்ணைத் தொட்டால், மருந்து தடவுவதற்காகத் தொட்டாலும், சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் நாட்டு வழக்கம் இவ்வகையில் மிக நல்லது.

நெய்வோர்க்கு உரிய ஒரு செய்தி. நாடாவின் கண்ணில் ஊடை நூலை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நெடுங்காலம் இருந்தது. காசநோய் முதலியவை ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குச் செல்லும் என்ற அச்சத்தால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் அத்தகைய நாடாவைச் சட்டத்தால் விலக்கியது. நம்மிடையே இவ்வழக்கம் உள்ள இடங்களில் நூலை இழுக்கச் சிறு கொக்கி ஒன்றை வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நன்று. மேலும், நூல் அறுத்த விரலில் கொப்புள நீர் பட்டால் அவ்விரல் நுனியிலும் கிருமி புகுந்து, வீங்கி, தறியில் கை வைக்க இயலாதபடி நோகும். விரற்காயத்தைக் கட்டிக்கொண்டு பணி செய்க.

பச்சிளங் குழந்தையும் கண்ணும்

அங்கத்தினர்கள் வேறு எதனை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

பிறந்து ஒரு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு இக்கிருமியை எதிர்க்கும் வலிமை இல்லை. அது கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவி உயிரைக் குடிக்கலாம். பிழைத்தாலும் மூளைக்கு ஊனம் நேரலாம். ஆகவே உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், பாட்டியே ஆயினும் தாய்மாமனே ஆயினும், குழந்தையை முத்தமிடலாகாது. முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சலாகாது. பெரியவர் விரலால் இனிப்பு நீர் தொட்டு வைக்கும் சேனை வழக்கமும் விடத்தக்கதே. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா. தாய்க்கே கொப்புளம் வந்தால் பாலை நிறுத்த வேண்டுவதில்லை. மார்பில் புண் இல்லாத வரையில், கையைக் கழுவி, வாயைத் துணியால் மூடி, முத்தமிடாமல் பாலூட்டலாம். மார்பில் கொப்புளம் இருப்பின் அப்பக்கத்துப் பாலூட்டலை நிறுத்தி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும், உடல் குளிர்ந்தாலும், சோர்ந்து கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், தோலில் கொப்புளம் தோன்றினாலும் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. கொப்புளம் உள்ளவர் குழந்தையைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். அச்செய்தி குற்றச்சாட்டு அன்று. நோயை விரைவில் கண்டறிய உதவும் தடயம். இரத்தக் குழாயின் வழியே செலுத்தும் மருந்து உரிய காலத்தில் கிடைத்தால் குழந்தையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி.

அடுத்தது கண். புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழியில் கிருமி புகலாம். நரம்பின் வழியேயும் அது கண்ணை அடையலாம். கண் சிவந்து, நோவெடுத்து, ஒளியைக் காணக் கூசி, பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவரை நாட வேண்டும். தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ வீட்டிலிருக்கும் பழைய சொட்டு மருந்தோ விடலாகாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இந்நோயில் புண்ணை ஆழப்படுத்தும். கருவிழியில் தழும்பு விழுந்தால், ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே அறுந்த ஓர் இழையைக் கண்டுபிடிக்கும் நெசவாளியின் கண் பயனற்றுப் போகும்.

கரப்பான் உள்ள குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், எச்.ஐ.வி. உள்ளோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் ஆகியோருக்கும் இக்கொப்புளம் கடுமையாகப் பரவும். காய்ச்சலோடு தலைவலியும் மனக்குழப்பமும் வலிப்பும் சேர்ந்தால், கொப்புளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விலக்கி வைத்தல் வேண்டா

இத்தனை எச்சரிக்கையும் கூறியது அச்சமூட்டுவதற்கன்று. பாதிக்கு மேற்பட்ட மக்களிடம் உள்ள கிருமிக்காக ஒருவரைத் தறிக்கூடத்திலிருந்தோ களத்திலிருந்தோ விலக்கி வைப்பது அறியாமை. உதட்டுக் கொப்புளம் ஒழுக்கக் கேட்டின் அடையாளமும் அன்று. பெரும்பாலும் அது மழலைப் பருவத்தில் பெற்ற ஒரு முத்தத்தின் மிச்சமே. கொப்புளம் உள்ளவர் நெய்யலாம், உழலாம், சங்கக் கூட்டத்திற்கும் வரலாம். தொட்டிலருகில் மட்டும் பத்து நாள் செல்லாதிருப்பார். தம் இன்பத்தைச் சில நாள் ஒத்திவைத்துப் பிறர் நலம் காப்பதைக் கூட்டுறவு அன்றி வேறென்னவென்று கூறுவது?

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

1. உதட்டுக் கொப்புளம் பூச்சியினால் வருவதன்று என்பதை எவ்வாறு விளக்குவீர்?
2. களிம்பு தடவ ஏற்ற காலம் எது? ஏன்?
3. குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்லும் உறவினர்க்கு நீர் கூறும் அறிவுரை யாது?
4. மருத்துவரை உடனே நாட வேண்டிய அடையாளங்கள் நான்கைக் கூறுக.
5. நும் சங்கத் தறிக்கூடத்தில் ஒருவர் குவளையை மற்றவர் பயன்படுத்தாதிருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?